பங்கர்க் கதவின் கீழ்ப்பிடி

இந்தப் பொறுப்பை யாரும் உங்களுக்கு மாலை போட்டுத் தந்திருக்க மாட்டார்கள். கூட்டம் முடிந்து எல்லோரும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழும்பும் நேரத்தில், “அந்த அவசரகாலத் திட்டத்தையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்களேன்” என்று யாரோ சொல்லியிருப்பார்கள். நீங்களும் மறுக்கத் தெரியாமல் தலையாட்டியிருப்பீர்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. ஆகவே முதலில் உங்களுக்கு என் அனுதாபங்கள், பிறகு என் வாழ்த்துக்கள்.

நான் வேலை செய்தது சுவிஸில் ஊஸ்டருக்குப் பக்கத்தில், ஓர் ஓடைக்கரையில் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் தொழிற்சாலையில். கண்ணுக்கு விடும் சொட்டுமருந்துக் குப்பிகளின் மூடிகளைச் செய்தோம். நீங்கள் எப்போதாவது தலையை அண்ணாந்து, கண்ணைச் சிமிட்டி, பாதி மருந்தைக் கன்னத்தில் விட்டிருந்தால், உங்கள் மற்றக் கையில் இருந்த மூடி எங்களுடையதாக இருக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அகதி விண்ணப்பம் போட்டுக் காத்திருந்த காலத்தில், அந்தத் தொழிற்சாலையின் தரையைத் துடைக்கத்தான் முதலில் போனேன். பிறகு பொதி கட்டும் மேசை, பிறகு தரம் பார்க்கும் மேசை, கடைசியில் உற்பத்தித் திட்டமிடல். ஓய்வுபெற்று இரண்டு வருடங்களாகின்றன. வீட்டில் இருந்து பார்க்கும்போது என் பிழைகள் எல்லாம் நன்றாகத் தெரிகின்றன.

நீங்கள் இங்கே பிறந்து, இங்கே படித்து, ஆபத்தை அளப்பதற்கே பட்டம் வாங்கியவர்கள். எந்தக் கோப்பை எத்தனை பிரதி எடுப்பது, எதை எங்கே சேமிப்பது என்றெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அப்படிச் சொன்னால் நீங்கள் மரியாதைக்குக் கேட்டுவிட்டு மேசைக்குக் கீழே கைபேசியைப் பார்ப்பீர்கள் என்பதும் தெரியும். நான் சொல்லப்போவது நான் விட்ட பிழைகளை. அவற்றை எந்த வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

முதலாவது பிழை சின்னது. தீப்பயிற்சி நடத்தச் சொன்னார்கள். மணி அடித்தால் எல்லோரும் கட்டடத்தை விட்டு வெளியே வந்து வாகனத் தரிப்பிடத்தில் கூட வேண்டும். நான் நல்ல வேலைக்காரி அல்லவா, ஓடுகிற இயந்திரத்தை நிறுத்த மனம் வரவில்லை. அதனால் பயிற்சியைக் காலை ஒன்பதே கால் மணிக்கு வைத்தேன். இங்கே தொழிற்சாலைகளில் ஒன்பது மணி என்றால் ‘ஸ்நூனி’, அதாவது காலைச் சிற்றுண்டி. கைவேலையை விட்டுவிட்டுப் பாணும் பாற்கட்டியுமாக உட்காருகிற அந்தக் கால் மணி நேரத்தை இந்த நாட்டில் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அன்று நல்ல வெயில். மணி அடித்தபோது இருபத்தாறு பேரில் இருபத்திரண்டு பேர் ஏற்கெனவே வாகனத் தரிப்பிடத்தில் நின்று பாண் தின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு நிமிடத்தில் பயிற்சி முடிந்தது. அறிக்கையில் ‘மிகச் சிறப்பு’ என்று எழுதினேன்.

எங்கள் முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். தகப்பன் தொடங்கியதைப் பொறுப்பெடுத்தவர். நல்ல மனிதர், கொஞ்சம் பதற்றக்காரர். இரண்டு நிமிடக் கதையை ஊரில் இருந்த வெதுப்பகத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார். அந்த வெதுப்பகத்தின் சொந்தக்காரிதான் எங்கள் ஊர்த் தீயணைப்புப் படையின் கொமாண்டன்ட். இது உங்களுக்குப் புதினமாக இராது. இங்கே சிற்றூர்களில் தீயணைப்புப் படை என்றால் பாண் சுடுபவரும், மாடு வளர்ப்பவரும், குழாய் திருத்துபவரும்தான். அலாரம் அடித்தால் மாவுக் கையோடு சீருடையை மாட்டிக்கொண்டு ஓடுவார்கள்.

அடுத்த நாள் நான் பாண் வாங்கப் போனபோது கொமாண்டன்ட் சிரித்துக்கொண்டே கேட்டார்: “நீங்கள் எதற்குப் பயிற்சி எடுத்தீர்கள்? தீக்கா, சிற்றுண்டிக்கா?”

எனக்கு முகம் சிவந்துவிட்டது. என் தோலில் அது வெளியே தெரியாது என்பது ஓர் ஆறுதல். அடுத்த பயிற்சியை முன்னறிவிப்பில்லாமல், எல்லா இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தபோது நடத்தினேன். பதினொரு நிமிடம் எடுத்தது. பின்கதவு திறக்கவே இல்லை. அதன் மறுபக்கத்தில் வெற்று அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. அடுக்கச் சொன்னது யார் என்று விசாரித்தேன். நான்தான். வசதியான நேரத்தில் எடுக்கிற பயிற்சி உங்கள் மனதை ஆறுதல்படுத்துமே தவிர, வேறொன்றுக்கும் உதவாது. அந்த இரண்டாவது அறிக்கையைத்தான் நான் இன்றும் பெருமையோடு வைத்திருக்கிறேன்.

இரண்டாவது பிழை பெரியது. அதைத்தான் ஆறுதலாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் தொழிலில் உயிர் என்று ஒன்று இருந்தால் அது அச்சுதான். உருகிய பிளாஸ்டிக் போய் நிறைந்து மூடியாக வருகிற உருக்கு அச்சு. இயந்திரம் பழுதானால் வேறு இயந்திரம் வாடகைக்கு எடுக்கலாம். கணினி போனால் புதிது வாங்கலாம். அச்சு போனால் புதிதாகச் செய்ய மூன்று மாதம் ஆகும். கண்மருந்து மூடிக்கு எங்களிடம் இரண்டு அச்சுகள் இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு அரிசி மூட்டைப் பாரம். எங்கள் வேலையில் பாதி அந்த இரண்டையும் நம்பித்தான் நடந்தது, ஏனென்றால் அந்த மூடிகளை எல்லாம் வாங்கியது ஒரே ஒரு மருந்துக் கம்பெனி.

இவற்றை எங்கே வைப்பது என்பதுதான் நான் எழுதிய திட்டத்தின் முதற் கேள்வி. அதற்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை. தொழிற்சாலையின் அடித்தளத்தில் ஒரு பங்கர் இருந்தது. இந்த நாட்டில் பழைய கட்டடங்களுக்குக் கீழே இருக்குமே, போர் வந்தால் ஒதுங்குவதற்கென்று கட்டிய கொங்கிறீட் அறை, அதுதான். ஒரு முழத்துக்கும் மேலான தடிப்பில் சுவர். கதவே ஆள் உயரக் கொங்கிறீட் பலகை. அதில் மேலே ஒரு பிடி, கீழே ஒரு பிடி. இரண்டையும் திருப்பினால் கதவு இறப்பர் விளிம்போடு இறுகும். குண்டு விழுந்தாலும் அசையாது என்று முதலாளி தட்டிக் காட்டினார். அதற்குள் பழைய நாற்காலிகளும் அவருடைய தகப்பனின் வைன் போத்தல்களும்தான் இருந்தன.

யோசித்துப் பாருங்கள். குண்டுக்குப் பயந்து நாட்டை விட்டு வந்தவள் நான். என்னிடம் குண்டு விழுந்தாலும் அசையாத ஓர் அறையைக் காட்டினால் வேறு எதை யோசிப்பேன்? வைனை மேலே அனுப்பினேன். இரும்புத் தட்டுகள் அடித்தேன். அச்சுகள், வரைபடங்கள், கணினியின் மாற்றுப் பிரதி எல்லாவற்றையும் உள்ளே வைத்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் லேபிள் ஒட்டினேன். பாரமான சாமான் கீழேதானே இருக்க வேண்டும், ஆகவே ‘அச்சுகள்: கீழ்த்தட்டு’ என்று எழுதினேன். திட்டத்தில் தீக்கு முப்பத்தொரு பக்கம் எழுதினேன். தண்ணீருக்கு அரைப் பக்கம். அதுவும் கழிப்பறைக் குழாய் வெடித்தால் யாரைக் கூப்பிடுவது என்பதுதான்.

காப்புறுதிக்காரர் வந்து பார்த்துவிட்டுப் பாராட்டினார். கொமாண்டன்ட் வந்து திட்டக் கோப்பைக் கையில் தூக்கிப் பாரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “கை நனைந்திருக்கும்போது இதில் எந்தப் பக்கத்தைப் புரட்டுவீர்கள்?” எனக்குக் கோபம் வந்தது. பாண் சுடுபவருக்குத் திட்டத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். நினைத்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பங்கருக்குள் வாரத்துக்கு ஒரு தடவை கூட்டித் துடைப்பதற்கு ஓர் அண்ணை வருவார். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் மட்டும் மூன்று மணி நேர வேலை. அவரும் யாழ்ப்பாணம்தான். மற்ற நாட்களில் வேறு இடங்களில் துப்புரவு, சனி ஞாயிறுகளில் கலியாணவீடுகளுக்குச் சமையல். பெயரை எழுதினால் கோபிப்பார், ஆகவே அண்ணை என்றே வைத்துக்கொள்வோம். நான் வீட்டுக்குப் போகிற நேரமும் அவர் வருகிற நேரமும் ஒன்று என்பதால், வாசலில் “சுகமோ அண்ணை?”, “ஓம் தங்கச்சி” என்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

ஆனி மாத வெக்கை. நான் சூரிச்சில், லாங்ஸ்ட்ராஸ வீதிப் பக்கத்துத் தமிழ்க் கடையில் மரக்கறி பொறுக்கிக்கொண்டிருந்தேன். முருங்கைக்காய் வந்து இறங்கிய நேரம். வானம் திடீரென்று கறுத்து, ட்ராம் கூரைகளில் ஆலங்கட்டி கொட்டியது. கால் மணி நேரத்தில் விட்டுவிட்டது. கடைக்குள் நின்ற நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தோம். அப்போது கைபேசி அடித்தது. கொமாண்டன்ட்.

“உங்கள் பின்முற்றத்து வடிகானை ஆலங்கட்டியும் இலையும் அடைத்துவிட்டன. ஓடை கரை மீறிவிட்டது. அடித்தளத்துக்குள் தண்ணீர் இறங்குகிறது. வாருங்கள்.”

நான் எப்படி ஊஸ்டருக்கு வந்து சேர்ந்தேன் என்பது எனக்கே சரியாக நினைவில்லை. ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். தொழிற்சாலை வாசலில் இறங்கியபோதுதான் கையில் ஒரு கட்டு முருங்கைக்காய் இன்னும் இருப்பதைக் கண்டேன். தீயணைப்புச் சீருடையில் நின்ற விவசாயி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “இதனால் கானைக் குத்தி அடைப்பெடுக்கப் போகிறீர்களா?” என்று கேட்டார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதன் பிறகு வரவில்லை.

அடித்தளத்துக்குப் போகும் படிகளில் பாதி தண்ணீருக்குள் இருந்தன. தேநீர் நிறத்துச் சேற்றுத் தண்ணீர், கீழே நடைவழியில் தொடை அளவு. நடைவழியின் முடிவில் பங்கர்க் கதவு. அதன் மேற்பாதிதான் தெரிந்தது. முதலாளி சப்பாத்தைக் கழற்றிக் காற்சட்டையை மடித்துக்கொண்டு நின்றார். கொமாண்டன்ட் கையைக் குறுக்கே நீட்டி அவரைத் தடுத்துக்கொண்டிருந்தார். நடைவழிச் சுவரில் மின்பலகை இருந்தது. மின்சாரக்காரர் வந்து வெளியே இருந்து துண்டிக்கும் வரை யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்பது கொமாண்டன்டின் கட்டளை.

எங்கள் நிறுவனத்தில் முதலாளி முதல் எல்லோரும் ஒருவரையொருவர் ஒருமையில்தான் கூப்பிடுவோம். ஆனால் தமிழில் ‘நீ’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவர் அன்று சொன்னது இதுதான்: “திங்கட்கிழமை காலை அந்த இரண்டு அச்சும் இயந்திரத்தில் ஏற வேண்டும். வியாழக்கிழமை மூடிகள் போகாவிட்டால் அவர்கள் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள். போன தடவை தாமதமானபோதே சொல்லிவிட்டார்கள். அவர்கள் போனால் பாதிப் பேரை நான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். உங்களுக்குத் தெரியும்.”

எனக்குத் தெரியும். அந்தப் பாதிப் பேரின் பெயர்களும், யார் யாருக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் என்பதும் தெரியும். அச்சுகளை அங்கே கொண்டுபோய் வைத்தவள் நான் என்பதும் தெரியும்.

கொமாண்டன்ட் நேரத்தை வீணாக்கவில்லை. “இரண்டு வழிதான். மின்சாரம் போனதும், கதவில் கம்பி கட்டி உழவு இயந்திரத்தால் இழுத்துத் திறக்கலாம். அரை மணி நேர வேலை. தண்ணீர் உள்ளே பாயும், ஆனால் ஆட்கள் உடனே போய்ச் சாமானைத் தூக்கலாம். இல்லாவிட்டால் கதவைத் தொடாமல், மேலே இருந்தபடியே பம்ப் போட்டு இறைக்கலாம். நான்கைந்து மணி நேரம். எனக்கு இன்னும் மூன்று வீடுகளின் அடித்தளம் காத்திருக்கிறது. இங்கே பம்பை விடுவதா, உழவு இயந்திரத்தையும் ஆட்களையும் விடுவதா? பத்து நிமிடத்தில் சொல்லுங்கள்.”

“இழுங்கள்!” என்றார் முதலாளி.

கொமாண்டன்ட் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “கதவு சரியாகப் பூட்டியிருந்தால் உள்ளே உலர்ந்திருக்கும். வெளியே நிற்கிற தண்ணீரே கதவை அமத்திப் பிடிக்கும். திறந்தால் நாமே அள்ளி ஊற்றின மாதிரி. சரியாகப் பூட்டாவிட்டால் இவ்வளவு நேரத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டம். அப்படியானால் இழுப்பதுதான் சரி. சேற்றுத் தண்ணீருக்குள் நான்கு மணி நேரம் எந்த உருக்குக்கும் நல்லதல்ல. கதவைக் கடைசியாகப் பூட்டியது யார்?”

இங்கேதான் சிக்கல். அந்தக் கதவின் மேற்பிடி இலகுவாகத் திரும்பும். கீழ்ப்பிடி பிசாசு மாதிரி இறுகியிருக்கும். எங்கள் தொழிற்சாலையில் ஒருவரும் கீழ்ப்பிடியைத் திருப்புவதில்லை. நானும் திருப்புவதில்லை. மேற்பிடியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மேலே வந்துவிடுவோம். கீழ்ப்பிடி திரும்பாவிட்டால் கதவு அடியில் இறுகாது. நேற்று வெள்ளிக்கிழமை, கடைசியாகப் போனது அண்ணை.

கோப்பில் தொலைபேசிப் பட்டியல் இருந்தது. இருபத்தாறு பெயர், ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள், அழகான அட்டவணை. அண்ணை அதில் இல்லை. வாரத்துக்கு மூன்று மணி நேரம் வருபவரை யார் பட்டியலில் போடுவார்கள்? அந்தத் தரையைத் துடைத்து வேலை தொடங்கியவள் போடவில்லை. அதை இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என் கைபேசியில் அவர் எண் இருந்தது. அடித்தேன். அணைத்து வைத்திருந்தார். உடனே லாங்ஸ்ட்ராஸக் கடைக்கு அடித்தேன். கடைக்காரத் தம்பி எடுத்தார்.

“என்ன அக்கா, சொல்லாமல் கொள்ளாமல் ஓடிட்டியள்? முருங்கைக்காய் எழுதி வைச்சிருக்கிறன், பிறகு தாங்கோ.”

“தம்பி, அதை விடும். சமையல் அண்ணை இண்டைக்கு எங்கை நிக்கிறார்?”

“அவர் ஓஸ்டர்முண்டிகன்ல ஒரு கலியாணவீட்டில. காலமை இஞ்சதான் வாழையிலை ஏத்தினவர். பொறுங்கோ, வீடியோக்காரப் பெடியன்ர நம்பர் இருக்கு.”

பெயர்ப் பட்டியல் இல்லை, அட்டவணை இல்லை. ஆறு நிமிடத்தில் வீடியோக்காரர் தன் கைபேசியைக் கொண்டுபோய்ச் சமையலறையில் அண்ணையின் காதில் வைத்துவிட்டார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. யாரோ அப்பளம் எங்கே என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். அந்த இடத்தில் “அண்ணை, கதவை ஒழுங்காய்ப் பூட்டினியளோ?” என்று நான் கேட்டிருந்தால் அவர் “ஓம்” என்றுதான் சொல்லியிருப்பார். யார் கேட்டாலும், பூட்டினாலும் பூட்டாவிட்டாலும், மனிதர் அப்படித்தான் சொல்வோம். மணித்தியாலக் கூலிக்கு வருகிறவர் இன்னும் விரைவாகச் சொல்வார். எனக்கு அந்த ‘ஓம்’ ஒன்றுக்கும் உதவாது.

“அண்ணை, தொழிற்சாலைக்க வெள்ளம் வந்திட்டுது. பிழை முழுக்க என்ரை. சாமானை அங்கை வைக்கச் சொன்னது நான்தான். உங்களை ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம், அதுக்கு நான் பொறுப்பு. நானே அந்தக் கீழ்ப்பிடியைத் திருப்பிறேல்லை. நேற்று நீங்கள் போகேக்க அது எப்பிடி இருந்தது?”

முதலில் யாரிடமோ அடுப்பைக் குறைக்கச் சொன்னார்.

“கீழ்ப்பிடி கைக்கு வராது தங்கச்சி” என்றார். “நான் சப்பாத்துக் காலால மிதிச்சுத்தான் திருப்புறனான். நேற்றும் ரெண்டு மிதி மிதிச்சனான். இறுகிச்சுது. ஏன், உடைஞ்சு போச்சோ?”

“இல்லை அண்ணை. நல்லா இருக்கு. நீங்கள் போய்ச் சமையுங்கோ.”

அண்ணை நிற்கிற இடத்தையும் அவர் சொன்னதையும் மொழிபெயர்த்துவிட்டு, நான் கொமாண்டன்டிடம் “பம்ப்” என்றேன்.

முதலாளி என் தோளைப் பிடித்தார். “நூறு கிலோமீற்றருக்கு அப்பால் கலியாணவீட்டில் நிற்கும் ஒருவருடைய வார்த்தையை நம்பியா? உங்களுக்கு உறுதியாகத் தெரியுமா?”

“பொய் சொல்கிறவர் கையால் திருப்பினேன் என்று சொல்வார்” என்றேன். “இவர் காலால் மிதித்தேன் என்கிறார். அது நடந்த கதை. அதோடு, உடைத்துவிட்டேனோ என்று பயப்படுகிறார்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். பிறகு சப்பாத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு, “சரி, உங்கள் முடிவு” என்றார். பதற்றக்காரர் என்று சொன்னேன் அல்லவா? அவர் வாழ்க்கையில் செய்த மிகத் துணிச்சலான வேலை அன்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டதுதான் என்று இன்றும் அவரைக் கேலி செய்வேன்.

உழவு இயந்திரமும் ஆட்களும் போனார்கள். பம்ப் இரைந்துகொண்டிருந்தது. மின்சாரக்காரர் வந்து வேலையை முடித்துவிட்டுப் போனார். நாங்கள் இரண்டு பேரும் கவிழ்த்துப் போட்ட பெட்டிகளில் உட்கார்ந்து தண்ணீர் மட்டத்தைப் பார்த்தோம். வெதுப்பகத்திலிருந்து கொமாண்டன்ட் ஒரு பை பாண் அனுப்பினார். அதைத் தொடாமலே வைத்திருந்தோம். அப்போதுதான் எனக்கு ஊர்ப் பங்கர் நினைவுக்கு வந்தது. முற்றத்தில் கிண்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்ட பங்கர். கார்த்திகை மாதத்தில் அதற்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். மேலே குண்டுவீச்சு விமானம், கீழே தண்ணீர்ப் பாம்பு, எதற்குப் பயப்படுவது என்று தெரியாமல் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். பங்கருக்குள் தண்ணீர் வரும் என்று என் காலுக்குத் தெரியும். ஆனால் கொங்கிறீட்டையும் இறப்பர் விளிம்பையும் கண்டதும், சுவிஸ் பங்கருக்குள் எல்லாம் தண்ணீர் வருமா என்று நினைத்துவிட்டேன். முதலாளிக்கோ எந்தப் பங்கருக்குள்ளும் நின்று பழக்கமில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நல்ல மடத்தனம் செய்திருந்தோம்.

இரவு எட்டு மணிக்கு நடைவழியில் தண்ணீர் வற்றியது. ஆனி மாதம், வெளியே இன்னும் வெயில். கொமாண்டன்ட் திரும்பி வந்திருந்தார். மேற்பிடி இலகுவாகத் திரும்பியது. கீழ்ப்பிடியில் கறுப்பாகச் சப்பாத்துத் தேய்ந்த அடையாளம் ஒன்று, எத்தனையோ வெள்ளிக்கிழமைகளின் அடையாளம். அதைத் திருப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது.

கதவு திறந்தது. உள்ளே தரையில் ஒரு சாண் தண்ணீர். பழைய இறப்பர் அவ்வளவுக்குக் கசிந்திருந்தது. ஒரு சாண் என்றால் கீழ்த்தட்டு முழுக்கத் தண்ணீருக்குள். ‘அச்சுகள்: கீழ்த்தட்டு’. லேபிள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

முதலாளி சத்தம் போட்டுச் சிரித்தார். நான் கண்ணைத் திறந்தேன். கீழ்த்தட்டில் இருந்தவை ஒரு வாளி, ஒரு தரைத்துணி, பத்துப் பன்னிரண்டு கழிப்பறைத் தாள் சுருள்கள். சுருள்கள் ஊறிப் பெரிய இட்டலிகளாக மிதந்துகொண்டிருந்தன. அச்சுகள் இரண்டும் அதற்கு மேற்தட்டில், முழங்கால் உயரத்தில், பழைய துவாய்களுக்குள் எண்ணெய் பூசியபடி இருந்தன. ஒரு துளி படவில்லை. கதவை இழுத்துத் திறந்திருந்தால் தொடை அளவுத் தண்ணீர் அந்தத் தட்டையும் மூடியிருக்கும்.

முதலாளி என்னை இந்த நாட்டு முறைப்படி கன்னத்தில் மூன்று தடவை முத்தமிட்டார். கொமாண்டன்டையும் விடவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அச்சுகள் இயந்திரத்தில் ஏறின. வியாழக்கிழமை மூடிகள் போயின. யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமையே அண்ணைக்கு அடித்தேன்.

“அண்ணை, அச்சை மேற்தட்டில வைச்சது ஆர்?”

“கோபிக்காதையுங்கோ தங்கச்சி. நான்தான். அச்சுப் பூட்டுற போர்த்துக்கல்காரரும் ஒரு கை பிடிச்சவர். அது நடந்து ரெண்டு வருசமாச்சு. பங்கருக்க ஆரும் சாமானை நிலத்தோட வைப்பினமோ? தண்ணி வராமல் எந்தப் பங்கர் இருந்தது?”

“அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னனான். ஒரு வெள்ளிக்கிழமை, நீங்கள் ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்தனீங்கள். ‘லேபிளில இருக்கிறபடி வையுங்கோ அண்ணை’ எண்டிட்டுப் போட்டியள்.”

எனக்கு அப்படிச் சொன்ன நினைவே இல்லை. ஆனால் அது நான் பேசுகிற மாதிரித்தான் இருந்தது. இன்னும் சிரிப்பான விஷயம் என்னவென்றால், அச்சு எடுக்கிறவர்களுக்கு அதிகம் குனிய வேண்டாத வசதி என்பதால் தொழிற்சாலையில் எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது. இரண்டு வருடமாக என் திட்டத்தை மீறித்தான் அவர்கள் என் தொழிற்சாலையைக் காப்பாற்றியிருக்கிறார்கள். திட்டம் எழுதியவளுக்கு மட்டும் தெரியாது, ஏனென்றால் எழுதி முடித்த பிறகு நான் கீழே இறங்கி அந்தத் தட்டுகளைப் பார்க்கவே இல்லை. மேலே மேசையில் இருந்து கோப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அச்சுகள் மேல்மாடிக்குப் போயின. கோப்பைச் சுருக்கினேன் என்று பொய் சொல்ல மாட்டேன். கோப்பு அப்படியேதான் இருந்தது, காப்புறுதிக்காரருக்கு அது வேண்டும். ஆனால் அதன் முன்னால், பிளாஸ்டிக் உறைக்குள், நனைந்த கையால் தொடக்கூடிய ஒரே ஒரு தாள் வைத்தேன். அதில் இருபத்தேழு பெயர்கள். முதற்பெயர் அண்ணையுடையது. அடுத்த பரிசோதனைக்கு வந்த காப்புறுதிக்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டு, “முதலில் இருப்பவர் என்ன பதவி?” என்று கேட்டார். முதலாளி நான் வாய் திறக்க முன்னரே பதில் சொன்னார்: “எங்கள் நிலத்தைத் தெரிந்தவர்.”

ஆகவே, புதிதாக இந்தக் கோப்பைக் கையில் வாங்கியிருப்பவர்களே, நான் உங்களிடம் ஒன்றுதான் கேட்பேன். எழுதத் தொடங்க முதல், உங்கள் தொழிற்சாலைக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் வாளியோடு யார் வருகிறார் என்று பாருங்கள். ஒரு தேநீர் போட்டுக் கொடுத்து, உட்காரச் சொல்லுங்கள். மழை பெய்தால் இங்கே தண்ணீர் முதலில் எங்கே வரும் என்று கேளுங்கள். பிறகு அவர் பதில் சொல்லி முடிக்கும் வரை இருங்கள். அடுத்த ரயிலில் போகலாம்.